ஆறு தோன்றி மறையும் காட்டில் ஒரு சுற்று: ராகோவ் ஷ்கோத்ஸ்யானுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஸ்லோவேனியாவின் தென்மேற்குப் பகுதியில், காடு அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கில் ராக் என்று ஓர் ஆறு ஓடுகிறது. ஒரு குகையிலிருந்து வெளியே வருகிறது. இரண்டரை கிலோமீட்டர் அளவுக்குப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. பிறகு இன்னொரு குகைக்குள் போய்விடுகிறது. வானத்தைப் பார்த்து அது ஓடும் தூரம் அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் ராகோவ் ஷ்கோத்ஸ்யான். 1949-லேயே பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்துவிட்டார்கள்.

இங்கே ஆற்றை ஒட்டி ஒரு சுற்றுப் பாதை இருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் வரும். மலையேறிப் பழக்கம் வேண்டாம். கயிறு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவர் யாரும் போகலாம். என் அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. நின்று நின்று மூன்றரை மணி நேரத்தில் நிம்மதியாகச் சுற்றி வந்தார்.

வருகிறவர்களில் நிறையப் பேர் காரை நிறுத்துகிறார்கள், முதலில் வரும் இயற்கைக் கல் பாலத்தைப் படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த இடத்தை ஆற்றின் வரிசையில் பார்க்க வேண்டும். தண்ணீர் வெளியே வரும் இடத்தில் தொடங்கி, அது மறையும் இடம் வரை கூடவே நடந்து, மறுகரை வழியாகத் திரும்ப வேண்டும். அப்போதுதான் இது என்ன மாதிரி நிலம் என்று காலுக்கே புரியும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

இதே நாட்டில் ஷ்கோத்ஸ்யான் குகைகள் என்று வேறொரு இடம் உண்டு. திவாச்சா ஊருக்கு அருகே இருக்கிறது. 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. டிக்கெட் வாங்கி, வழிகாட்டியோடு உள்ளே போகும் இடம் அது. நாம் போவது அங்கே அல்ல. போன் வரைபடத்தில் வெறுமே 'ஷ்கோத்ஸ்யான்' என்று தேடினால் அந்தக் குகைகளுக்கு வழி காட்டிவிடும். 'ராகோவ்' என்ற முன்சொல்லைக் கட்டாயம் சேர்த்துத் தேடுங்கள். ஷ்கோத்ஸ்யான் என்பது புனித கான்சியன் என்ற கிறிஸ்தவப் புனிதர் பெயரின் மருவல். அதனால்தான் ஒரே பெயர் பல இடங்களில் வருகிறது. நம் பள்ளத்தாக்கிலும் அவர் பெயரில் இருந்த பழைய கோயிலின் இடிபாடு, வழியில் வரும் பெரிய இயற்கைப் பாலத்துக்கு அருகே கிடக்கிறது.

எப்போது போவது

மாதத்தைப் பார்ப்பதைவிட மழையைப் பாருங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் வெளியேற இருக்கும் வாசல் ஒரே ஒரு குகைதான். தொடர்ந்து சில நாள் கனமழை பெய்தால் வருகிற தண்ணீர் முழுவதையும் அந்தக் குகையால் விழுங்க முடியாது. தண்ணீர் பின்னுக்கு ஏறி, புல்வெளி ஏரியாகிவிடும், தாழ்வான பாதை முங்கிவிடும். நான் முதல் தடவை போனது நவம்பரில், மூன்று நாள் மழைக்கு அடுத்த காலை. பாதை ஒரு திருப்பத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. ஓரமாகச் சுற்றிப் போய்விடலாம் என்று கொஞ்ச தூரம் முயன்றேன். அது தவறு. காட்டுக்குள் பாறை இடுக்குகள் இலைச் சருகால் மூடிக் கிடக்கின்றன, கால் எங்கே போகும் என்று தெரியாது. திரும்பி வந்துவிட்டேன். நீங்களும் பாதை முங்கியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

மே, ஜூன் மாதங்களும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையும் நல்ல காலம். மே மாதம் பீச் (beech) மரங்கள் புதுத் தளிர் விட்டிருக்கும். காட்டுக்குள் வரும் வெளிச்சமே இளம்பச்சையாக இருக்கும். அக்டோபரில் அதே மரங்கள் செம்பு நிறமாகிவிடும். நடுக்கோடையிலும் நடக்கலாம், நிழல் நிறைய. ஆனால் வறட்சியான வருடங்களில் ஆற்றின் மேல்பகுதி வற்றி வெறும் கல்லாகக் கிடக்கும். குளிர்காலத்தில் பனியும் உறைந்த படிகளும் இருக்கும். புதியவர்கள் அப்போது போக வேண்டாம்.

போய்ச் சேர்வது

காரில் வந்தால் தலைநகர் லுப்லியானாவிலிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து உனெட்ஸ் என்ற இடத்தில் வெளியேற வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். ஸ்லோவேனியாவில் நெடுஞ்சாலைக்கு மின்-வில்லை (e-vignette என்ற சாலைக் கட்டண அனுமதி) வாங்கியிருக்க வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்கள் எல்லையைத் தாண்டும் முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பின்னால் அபராதம் வந்தால் பயணச் செலவைவிட அதிகமாக இருக்கும். உள்ளே சின்ன இயற்கைப் பாலத்துக்கு அருகில் வண்டி நிறுத்த இடம் உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள்.

ரயிலில் வந்தால் லுப்லியானாவிலிருந்து ராகெக் நிலையம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. போக வர அதையும் சேர்த்தால் முழு நாள் ஆகிவிடும், காலை ரயிலைப் பிடியுங்கள். 1857-இல் வியன்னாவையும் திரியெஸ்தே துறைமுகத்தையும் இணைத்த ரயில்பாதை இது. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இத்தாலியின் எல்லை இந்தப் பக்கமாகத்தான் ஓடியது. பக்கத்து ஊரான போஸ்தோய்னா இத்தாலியில், ராகெக் யூகோஸ்லாவியாவின் எல்லை நிலையம். ஊரின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய நிலையக் கட்டடம் ஏன் என்று இறங்கும்போது தோன்றினால், காரணம் அதுதான்.

காலில் என்ன போடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே வரும் ஆபத்தில் பெரும்பாலானது வழுக்கல்தான். சுண்ணாம்புக்கல் காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். ஈரமாகி, மேலே பாசியோ சேறோ இருந்தால் எண்ணெய் தடவின தரை மாதிரி. மர வேர்களும் அப்படியே. ஜிம்முக்குப் போடும் தட்டை அடி ஷூவில் போய், பாலத்துக்குக் கீழே இறங்கும் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன் நான். அடியில் ஆழமான பல் வைத்த ரப்பர் ஷூ வேண்டும். கணுக்கால் வரை வந்தால் இன்னும் நல்லது. வயதானவர்கள் கூட வந்தால் அவர்களுக்கு ஒரு நடைக்கோல் கொடுங்கள். ஏறுவதற்கு அல்ல, இறங்கும்போது ஊன்ற.

முழுக்கால் பேன்ட்டும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். காரணம் உண்ணி. மத்திய ஐரோப்பாவில் உண்ணித் தொல்லை அதிகமுள்ள நாடுகளில் ஸ்லோவேனியாவும் ஒன்று. நம் ஊரில் ஆடுமாட்டு உண்ணியைப் பார்த்துப் பழகினவர்கள் இதை லேசாக நினைக்கக்கூடும். இது வேறு. லைம் நோயையும், மூளைக் காய்ச்சலையும் பரப்பக்கூடியது. மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. ஐரோப்பாவில் வசித்து அடிக்கடி காட்டுக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. உயரமான புல்லுக்குள் உட்காராதீர்கள். நடை முடிந்த அன்று இரவே குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். குழந்தைகளுக்கு நீங்களே பாருங்கள். ஒட்டியிருந்தால் முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

பையில் மெல்லிய மழைக்கோட்டு, ஒரு டார்ச், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் குடிக்காதீர்கள். இது கார்ஸ்ட், அதாவது தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகையும் வெடிப்புமாக்கிய நிலம். இங்கே மழைநீர் மண்ணில் ஊறி வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியாக நேரே உள்ளே போய்விடும். மேலே ஊரில் என்ன கலந்ததோ அதுவும் கூடவே வரும். பள்ளத்தாக்குக்குள் ஒரு ஹோட்டல் இருக்கிறது, ஆனால் சாப்பாட்டுக்கு அதை நம்பிப் போகாதீர்கள். புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போனால் மதியம் வரை அப்படியே இருக்கும். மிச்சத்தை அங்கே கொட்ட வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

சரி, நடக்கலாம்

வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிடங்களில் சின்ன இயற்கைப் பாலம். ஆழமான பள்ளத்துக்கு மேலே, ஆற்றுப்படுகையிலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில், ஒல்லியாக ஒரு கல் வளைவு நிற்கும். யாரும் கட்டியதல்ல. முன்பு இங்கே முழுக்கக் குகை இருந்தது. கூரை இடிந்து விழுந்தபோது விழாமல் தப்பிய துண்டுதான் இந்தப் பாலம். விளிம்புக்கு அருகே குழந்தைகளின் கையை விடாதீர்கள். எல்லா இடத்திலும் தடுப்பு கிடையாது.

இங்கிருந்து கீழே இறங்குங்கள். சுற்றுப் பாதையிலேயே செங்குத்தான பகுதி இதுதான், ஆனால் தூரம் குறைவு. பக்கவாட்டாக, ஒரு காலை ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுங்கள். இறங்க இறங்கக் காற்று குளிர்ந்துகொண்டே வருவதை முகத்திலேயே உணரலாம். கோடை மதியத்தில்கூடக் குகை வாயில் பனிப்பெட்டி திறந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் உள்ளேயிருந்து வரும் காற்று வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே குளிரில் இருக்கிறது. அடியில்தான் செல்ஷ்கே குகைகளின் வாய். ராக் ஆறு வெளிச்சத்துக்கு வரும் இடம்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் செர்க்னிட்சா ஏரி. மழைக்காலத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி நிற்கும். கோடையில் அடியிலிருக்கும் துவாரங்கள் வழியாக வடிந்து, ஏரி இருந்த இடத்தில் புல் அறுப்பார்கள். இந்த ஏரியைப் பற்றி 17-ஆம் நூற்றாண்டில் வல்வாசோர் என்ற அறிஞர் விரிவாக எழுதி வைத்தார். அதற்காகவே 1687-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. அந்த ஏரித் தண்ணீரில் ஒரு பங்கு பாறைக்குள் புகுந்து இங்கே எட்டிப்பார்க்கிறது. குகைக்குள் போக ஆசை வரும். வாயிலில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே விளக்கும் இல்லை, தண்ணீர் ஏறினால் எச்சரிக்கவும் யாரும் இல்லை.

அப்புறம் பாதைச் சின்னத்தைப் பிடித்து ஆற்றோடு கீழ்நோக்கி நடக்க வேண்டும். சுற்றுப் பாதைக்கென்று தகவல் பலகைகள் வைத்திருக்கிறார்கள். மரத்தில் சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அது ஸ்லோவேனிய மலைப்பாதைகளின் பொதுச் சின்னம். அது உங்களை யவோர்னிக் மலைக்கும் கூட்டிப் போய்விடலாம். அதனால் பிரிவு வரும் இடங்களில் ஆறு எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். பள்ளத்துக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அவசர எண் 112.

இந்த நடுப்பகுதி சமதளம். பள்ளத்தாக்கு விரிந்து, ஆற்றோரம் புல்வெளி, அதற்கு மேலே பீச், ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்கள். காட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். மண் மிக மெல்லியது. வேர்கள் நேரடியாகப் பாறை வெடிப்புக்குள் இறங்கியிருக்கும். ஆற்றைத் தவிர வேறெங்கும் ஓடை, வாய்க்கால் எதுவும் கண்ணில் படாது. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாகக் காட்டு மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அதாவது, பாறையில் காலூன்றி நிற்கும் காடே அந்தப் பாறையைக் கரைக்கவும் உதவுகிறது. ஓரமாகக் கிண்ணம் மாதிரிக் குழிகள் தெரியும். அவற்றை நில அறிவியலில் டோலின் என்கிறார்கள். கார்ஸ்ட் என்ற சொல்லே இந்த நாட்டின் க்ராஸ் என்ற மேட்டுநிலத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நிலம் தூரத்துச் சொந்தம். அங்கேயும் அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, கிணற்றை நம்பித்தான் வாழ்க்கை. புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இதே கரைதலின் பிள்ளைகள்தான். அங்கே நிலம் தட்டை, கடல் பக்கம். இங்கே மலையும் காடும். மேலே வறண்டு கீழே நனைந்திருக்கும் அந்தக் குணம் மட்டும் ஒன்று.

இந்தப் பகுதியில் நடக்கும்போது பேசிக்கொண்டே நடங்கள். சுற்றியிருக்கும் காடுகளில் பழுப்புக் கரடி உண்டு. ஓநாயும் லின்க்ஸ் பூனையும்கூட உண்டு. பகலில் இந்தப் பாதையில் கரடியைப் பார்ப்பது அபூர்வம். மனிதக் குரல் கேட்டால் அதுவே விலகிப் போய்விடும். தற்செயலாகப் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். மெதுவாகப் பேசியபடி, முகம் காட்டியபடியே பின்வாங்குங்கள். நாய் வைத்திருந்தால் கயிற்றை அவிழ்க்காதீர்கள். சாப்பாட்டு மிச்சத்தைப் போட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்: மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி ஊருக்குள் வரும், கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள். பலத்த காற்று அடிக்கும் நாளில் காட்டுக்குள் போகவே வேண்டாம். 2014 பிப்ரவரியில் உறைமழை பெய்து இந்த வட்டார மரங்களைப் பனிக்கட்டி எடையால் முறித்துப் போட்டது. பெரிய கிளைகள் எவ்வளவு சுலபமாக விழும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோட்லிச்சி என்ற ஊற்றுகள் வழியில் வரும். யவோர்னிக் மலைக்குள் இறங்கிய மழை இங்கே ஆற்றோடு சேர்கிறது. எதிரே வருகிறவர்களிடம் "தோபெர் தான்" என்று சொல்லுங்கள், 'நல்ல நாள்' என்று பொருள். காட்டுப் பாதையில் இதைச் சொல்லாமல் கடந்து போவது இங்கே வழக்கமில்லை.

பள்ளத்தாக்கு மறுபடி ஒடுங்கும் இடத்தில் பெரிய இயற்கைப் பாலம். உயரத்தில் முதலாவதைவிடக் குறைவுதான், ஆனால் தடித்தது, அகலமானது. மேலே வண்டிச் சாலையே போகிறது! கார் ஓட்டி வருகிறவர் பலருக்கு, குகைக் கூரை மேல் போகிறோம் என்றே தெரியாது. பாலத்துக்குக் கீழே போகும் பாதை திறந்திருந்து தண்ணீரும் தாழ்வாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். வளைவுக்கு அடியில் நின்று மேலே பார்த்தால் பாறை முழுக்க ஈரப் பாசி, ஆற்றின் ஒளி அதில் அசையும். உட்கார்ந்து சாப்பிட நான் தேர்ந்தெடுக்கும் இடம் இதற்கு மேலே, கோயில் இடிபாட்டுப் பக்கம். காய்ந்த கல், நல்ல நிழல்.

இன்னும் கொஞ்சம் போனால் த்கால்ட்சா குகை. ஆறு இங்கே உள்ளே போகிறது. அருவியாக விழுவதில்லை, சுழல்வதில்லை. சாதாரணமாக வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருட்டுக்குள் போகிறது. முதல் பார்வைக்குப் பெரிய காட்சி இல்லை என்று தோன்றலாம். பத்து நிமிடம் நில்லுங்கள். ஆரம்பத்தில் பார்த்த வாயையும் இந்த வாயையும் மனசில் சேர்த்துப் பாருங்கள். அம்மா அங்கே ரொம்ப நேரம் நின்றார். "இது எங்கப்பா போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

திரும்பும் வழி மறுகரை. பாலத்தின் மேலாகக் கடந்து, சின்னங்களைப் பார்த்துப் புறப்பட்ட இடத்துக்கு நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இந்தக் கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. மெல்ல ஏறி இறங்கும் காட்டுப் பாதை, ஈரமான வேர்கள், இடையிடையே மரங்களுக்கு நடுவே ஆறு தெரியும். களைப்பில் அவசரப்படுகிற நேரம் இதுதான், விழுவதும் இப்போதுதான். நிதானமாக வாருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால்

அம்மா கேட்டதற்குப் பதில் அங்கிருந்து காரில் கொஞ்ச நேரத் தூரத்தில் இருக்கிறது. த்கால்ட்சாவில் புகுந்த ராக், மலைக்கு அடியில் போய், போஸ்தோய்னா குகை வழியாக வரும் பிவ்கா ஆற்றோடு இருட்டிலேயே கலக்கிறது. இரண்டும் சேர்ந்து பிளானினா கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குகை வாயிலிருந்து உனிட்சா என்ற புதுப் பெயரோடு வெளியே வருகின்றன. அதுவும் மறுபடி மண்ணுக்குள் போய், வர்ஹ்னிகா ஊரில் லுப்லியானிட்சாவாக எழுந்து தலைநகருக்குள் ஓடுகிறது. இப்படி மறைந்து மறைந்து எழும் இந்தத் தண்ணீருக்கு மொத்தம் ஏழு பெயர்.

பிளானினா குகை வாயிலுக்குப் போனோம். மாலை வெளிச்சம் சாய்ந்திருந்தது. அம்மா நீர் விளிம்பில் குந்தி இரண்டு கையாலும் அள்ளினார். "ஐயோ, என்ன ஜில்லுன்னு இருக்கு," என்றார். கையை உதறாமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டார்.